தரவோட்டம் எங்கே முடிகிறது?

நெட்வொர்க் நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கிளையன்ட் தன் கோரிக்கையை அனுப்பிவிட்டது. சர்வருக்கு அது போய்ச் சேர்ந்தும்விட்டது. பதில்தான் வரவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிபியூ சும்மா இருக்கிறது. நிரல் அசையாமல் கிடக்கிறது. பொறுமை இழந்து கிளையன்ட்டை கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால், அந்த நொடியே சர்வர் விழித்துக்கொள்கிறது. வேலையை முடித்து, கேட்க ஆளில்லாத இணைப்பில் பதிலை அனுப்பப் பார்க்கிறது.

நடந்தது இதுதான். சர்வரில் 'உள்ளீடு முடியும்வரை படி' என்று ஒரு லூப் இருக்கிறது. ஜாவா என்றால் ரீட்லைன் 'நல்' தரும்வரை, பைத்தான் என்றால் ரெசீவ் வெற்று பைட்டுகளைத் தரும்வரை அது சுற்றும். கிளையன்ட்டோ பதிலுக்காக இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. இணைப்பு திறந்திருக்கும்வரை சர்வரின் கணக்கில் உள்ளீடு முடியவில்லை. சர்வர் முடிவுக்காகக் காத்திருக்கிறது, கிளையன்ட் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் அசையாது.

இணைப்பு முடிவது ஒன்று, செய்தி முடிவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் உறைந்து நிற்கும் நிரல்களும், பாதியில் அறுந்த கோப்புகளும், உலகளவில் பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளும் வந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் வழிகளை இந்த அத்தியாயம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

டிசிபி தருவதும் தராததும்

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்எஃப்சி 793 டிசிபி நெறிமுறையை வரையறுத்தது. 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 அதன் இடத்துக்கு வந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அடிப்படை மாறவில்லை. பைட்டுகளை அனுப்பிய வரிசையிலேயே, விடுபடாமல், இரட்டிக்காமல் டிசிபி கொண்டுசேர்க்கும். அனுப்பியவர் அவற்றை எத்தனை தவணையில் எழுதினார் என்பதை மட்டும் அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

100 பைட் கொண்ட மூன்று செய்திகளை ஒரு நிரல் மூன்று முறை 'சென்ட்' செய்து அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் அவை 300 பைட்டாக ஒரே தடவையில் வரலாம். 140, 160 என்று இரண்டாகவும் வரலாம். இரண்டாம் செய்தியின் பாதி முதல் ரீடிலும் மீதி அடுத்ததிலும் வருவது டிசிபியைப் பொறுத்தவரை முழுக்கச் சரியான நடத்தை. 'ஒரு சென்டுக்கு ஒரு ரீட்' என்ற கணக்கு எந்த ஆவணத்திலும் கிடையாது.

இந்தத் தவறு சோதனையில் பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் சுமக்கும் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 என்று தலைப்புகள் போக மிஞ்சுவது 1460. லினக்ஸில் ஒரே கணினிக்குள் பேசும் லூப்பேக் இணைப்புக்கு அந்த உச்சம் 65,536 பைட். ஆகவே 10,000 பைட் செய்தி நிரலரின் மேசையில் ஒரே ரீடில் முழுசாக வந்துவிடும். அதே நிரலை வெளியூர் சர்வரில் ஏற்றியதும் செய்தி குறைந்தது ஏழு பாக்கெட்டுகளாகப் பயணிக்கும். முதல் ரீட் வந்துசேர்ந்த ஒன்றிரண்டை மட்டும் தந்துவிட்டுத் திரும்பும்.

ரீட் சொல்லும் விடைகள்

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் சாக்கெட்டிலிருந்து படிக்கும் அழைப்பு மூன்று விதமான எண்களைத் திருப்பித் தரும். பூஜ்ஜியத்துக்கு மேல் வந்தால் அத்தனை பைட்டுகள் கிடைத்தன. அது கேட்டதைவிடக் குறைவாக இருக்கலாம். குறைவாக இருப்பது முடிவின் அறிகுறி அல்ல. பூஜ்ஜியம் வந்தால் மறுமுனை இனி எதையும் அனுப்பப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. மைனஸ் ஒன்று வந்தால் ஏதோ பிழை. எந்தப் பிழை என்பதை எர்நோ மாறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொழிக்கு மொழி இதன் வடிவம் மாறும். ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீமில் முடிவுக்கு அடையாளம் மைனஸ் ஒன்று. கோ மொழியில் ஐஓ.ஈஓஎஃப் என்ற பிழை மதிப்பு. அந்த மொழியில் ஒரே ரீட், பைட்டுகளையும் ஈஓஎஃப்பையும் சேர்த்தே தர இடமுண்டு. எனவே பிழையைப் பார்ப்பதற்கு முன் கிடைத்த பைட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். நோடில் 'எண்ட்' நிகழ்வு வரும்.

இந்த விடைகளைப் படிப்பதில் அடிக்கடி நேரும் பிசகுகள் நான்கு.

முதலாவது, ஜாவாவின் 'அவைலபிள்' பூஜ்ஜியம் தந்தால் உள்ளீடு முடிந்தது என்று எண்ணுவது. காத்திருக்காமல் இப்போது எத்தனை பைட் படிக்க முடியும் என்பதற்கான மதிப்பீடு மட்டுமே அது. அடுத்த பாக்கெட் வழியில் வந்துகொண்டிருக்கும்போதும் அது பூஜ்ஜியம்தான் சொல்லும்.

இரண்டாவது, பஃபர் நிரம்பிய பின்னும் படிப்பது. மீதி இடம் பூஜ்ஜியமாக இருக்கும்போது ரீடை அழைத்தால், கேட்டது பூஜ்ஜிய பைட் என்பதால் கிடைப்பதும் பூஜ்ஜியம். நிரல் அதை இணைப்பின் முடிவாக எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும்.

மூன்றாவது, காத்திராத சாக்கெட்டில் 'ஈஅகெய்ன்' பிழை வந்தால் இணைப்பை மூடிவிடுவது. 'இப்போதைக்கு இல்லை, பிறகு வா' என்பதே அதன் பொருள்.

நான்காவது சி மொழிக்கே உரியது. கெட்சார் திருப்பித் தருவது முழு எண். அதை 'சார்' மாறியில் போட்டால், 255 என்ற பைட்டும் ஈஓஎஃப் குறியும் ஒன்றாகிவிடும். ஜேபெக் படக் கோப்புகள் எல்லாமே 255இல்தான் தொடங்குகின்றன. முதல் பைட்டிலேயே நிரல் 'முடிந்தது' என்று நின்றுவிடும். ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் 'சார்' எதிர்மறை எண்களை ஏற்காது. அங்கே இதே நிரல் ஈஓஎஃப்பை ஒருபோதும் அடையாளம் காணாமல் முடிவின்றிச் சுற்றும்.

பூஜ்ஜியம் வந்தால் எல்லாம் வந்துவிட்டதா?

ஒரு முனை அனுப்புவதை நிறுத்தும்போது டிசிபி 'ஃபின்' என்ற குறியை அனுப்புகிறது. மறுமுனையில் அது ரீடின் பூஜ்ஜியமாகத் தெரிகிறது. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி ஃபின் உண்டு என்பது பலர் பயன்படுத்தாத வசதி. கிளையன்ட் தன் கோரிக்கையை அனுப்பியதும் 'ஷட்டவுன்' அழைப்பால் எழுதும் திசையை மட்டும் மூடிவிட்டு, பதிலைப் படிக்கும் திசையைத் திறந்தே வைக்கலாம். ஜாவாவில் இதற்கு 'ஷட்டவுன்அவுட்புட்' என்று பெயர். முதல் பத்தியில் பார்த்த முடக்கத்துக்கு இது ஒரு நேரடித் தீர்வு. ஆனால் ஒரு இணைப்புக்கு ஒரே கோரிக்கைதான் என்றால் மட்டுமே இது பொருந்தும்.

ஃபின் வந்துவிட்டால் செய்தி முழுமை என்றும் சொல்ல முடியாது. தெருக்குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால், தொட்டி காலியானதா, மோட்டார் பழுதானதா, யாராவது வால்வை மூடினார்களா என்பது குழாயடியில் நிற்பவருக்குத் தெரியாது. பாதிக் கோப்பை அனுப்பிக்கொண்டிருந்த நிரல் செயலிழந்து விழுந்தாலும், இயங்குதளம் அதன் சாக்கெட்டுகளை ஒழுங்காக மூடி ஃபின் அனுப்பிவிடும். வாங்குபவருக்கு முழுக் கோப்பும் பாதிக் கோப்பும் ஒன்றுபோலவே முடியும்.

1985இன் ஆர்எஃப்சி 959 வகுத்த எஃப்டிபி நெறிமுறையில் இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பார்க்கலாம். அதன் வழக்கமான முறையில் கோப்பின் முடிவைக் குறிப்பது தரவு இணைப்பை மூடுவதுதான். ஆனால் எஃப்டிபியில் கட்டளைகளுக்கென்று இரண்டாவது இணைப்பும் உண்டு. கோப்பு முழுமையாகப் போனால் அதில் 226 என்ற பதில் வரும். இடையில் அறுந்தால் 426. தரவு இணைப்பு மூடியதும் கோப்பைச் சேமித்துவிட்டுக் கிளம்பும் நிரல் பாதி வேலைதான் செய்கிறது. 226 வரும்வரை காத்திருப்பது மீதி.

மறைகுறியாக்கிய இணைப்பில் இது பாதுகாப்புப் பிரச்சினையாகவே மாறுகிறது. ஃபின் குறி மறைகுறியாக்கப்படுவதில்லை. நடுவில் இருப்பவர் அதைப் போலியாகச் செருகி, உரையாடலைத் தமக்கு வேண்டிய இடத்தில் வெட்ட முடியும். எஸ்எஸ்எல் 2.0 இந்தத் தாக்குதலைத் தடுக்க வழியின்றி இருந்தது. எஸ்எஸ்எல் 3.0 'க்ளோஸ் நோட்டிஃபை' என்ற எச்சரிக்கைச் செய்தியைக் கொண்டுவந்தது. இன்றைய டிஎல்எஸ் 1.3 வரை அது தொடர்கிறது. அந்தச் செய்தி வராமல் இணைப்பு மூடினால் கிடைத்தது முழுமை என்று கொள்ளக் கூடாது. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 இத்தகைய மூடலை வெளிப்படையான பிழையாகவே அறிவிக்கிறது. அந்தப் பிழையை அமுக்கிவிடும் விருப்பத்தேர்வும் அதில் உண்டு. அதை இயக்குவதற்கு முன், செய்தியின் முழுமையை வேறு வழியில் உறுதிசெய்கிறோமா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

முடிவைச் சொல்ல மூன்று வழிகள்

இணைப்பை மூடாமல் செய்தியின் முடிவைச் சொல்ல நெறிமுறைகள் கையாளும் வழிகள் மூன்று.

முதல் வழி, அளவை முன்கூட்டியே சொல்வது. டிசிபி வழியே செல்லும் டிஎன்எஸ் செய்திகளுக்கு முன்னால் அவற்றின் நீளம் இரண்டு பைட்டில் எழுதப்படுகிறது. ஆகவே ஒரு செய்தி 65,535 பைட்டுக்கு மேல் போக முடியாது. எச்டிடிபியில் 'கன்டென்ட்-லெங்த்' தலைப்பு இதே வேலையைச் செய்கிறது. படிப்பவர் செய்ய வேண்டியது எளிது: சொன்ன அளவு சேரும்வரை லூப்பில் படிப்பது, அதற்கு முன் பூஜ்ஜியம் வந்தால் பிழை என்று அறிவிப்பது. கோவின் 'ரீட்ஃபுல்' இதைத் தானே செய்கிறது. ஒரு பைட்கூட வராமல் முடிந்தால் ஈஓஎஃப், நடுவில் அறுந்தால் 'அன்எக்ஸ்பெக்டட் ஈஓஎஃப்' என்று இரண்டு தனிப் பிழைகளைத் தருகிறது. கர்ல் கருவி பாதியில் நின்ற இறக்கத்துக்கு 18 என்ற பிழை எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறது.

இரண்டாம் வழி, முடிவுக் குறி. 1982இன் எஸ்எம்டிபி நெறிமுறையில் மின்னஞ்சலின் உடல், ஒற்றைப் புள்ளி மட்டுமே உள்ள வரியோடு முடிகிறது. எழுதியவரின் உரையிலேயே அப்படி ஒரு வரி இருந்தால்? அதற்காக, புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் அனுப்பும் நிரல் இன்னொரு புள்ளியை முன்னால் சேர்க்கும். பெறும் நிரல் அதை நீக்கும். முடிவுக் குறியைத் தேர்ந்தெடுக்கிற எவரும் இப்படி ஒரு தப்பிக்கும் வழியையும் கூடவே வடிவமைக்க வேண்டும்.

குறியைத் தேடும் நிரலில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. எச்டிடிபி தலைப்புகளை முடிக்கும் நான்கு பைட் குறி, இரண்டு ரீடுகளுக்கு நடுவே உடைந்து வரலாம். புதிதாக வந்த துண்டில் மட்டும் தேடினால் அது கண்ணில் படாது. சேர்த்து வைத்ததில் கடைசி மூன்று பைட்டிலிருந்து தேட வேண்டும். குறியைத் தாண்டி வந்த பைட்டுகள் அடுத்த செய்திக்கு உரியவை என்பதால் அவற்றைக் கீழே போட்டுவிடக் கூடாது. ஜாவாவில் ஒரே சாக்கெட்டின் மேல் ஒவ்வொரு செய்திக்கும் புதிய பஃபர்டுரீடர் உருவாக்குகிறவர்கள் இப்படித்தான் பைட்டுகளை இழக்கிறார்கள். முந்தைய ரீடர் முன்கூட்டிப் படித்து வைத்தது அதனுடனேயே போய்விடுகிறது.

மூன்றாம் வழி, துண்டு துண்டாக அளவு சொல்வது. மொத்த அளவு தெரியாமலே அனுப்பத் தொடங்க இது உதவும். 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068 எச்டிடிபி 1.1இல் 'சங்க்டு' முறையை வகுத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் பதினாறடிமான எண்ணில் வரும்; நீளம் பூஜ்ஜியம் என்று வரும் துண்டு கடைசி. 'வணக்கம்' என்ற பதில் கம்பியில் இப்படிப் போகும்:

15
வணக்கம்
0
(வெற்று வரி)

பதினாறடிமான 15 என்பது பதின்மத்தில் 21. பூஜ்ஜியத் துண்டும் அதற்குப் பின் வெற்று வரியும் வராமல் இணைப்பு மூடினால் செய்தி முழுமையடையவில்லை. 2015இல் வந்த எச்டிடிபி 2 இதையே மேலும் ஒழுங்குபடுத்தியது. அதன் ஒவ்வொரு சட்டகத்துக்கும் 9 பைட் தலைப்பு, அதில் 24 பிட் நீளம், கடைசிச் சட்டகத்தைக் காட்ட ஒரு கொடி.

தமிழ் உரையும் பைட் கணக்கும்

'வணக்கம்' எப்படி 21 ஆனது என்பதைத் தமிழில் மென்பொருள் செய்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஐந்து. யூனிகோடில் புள்ளிகள் தனிக் குறியீடுகள் என்பதால் அது ஏழு குறியீடுகளாகப் பதிவாகிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ஆகவே 21.

ஜாவாஸ்கிரிப்டில் இந்தச் சொல்லின் 'லெங்த்' 7 என்று வரும். அந்த எண்ணை கன்டென்ட்-லெங்த்தில் எழுதினால், பெறுபவர் ஏழு பைட் மட்டும் படிப்பார். கிடைப்பது 'வண', கூடவே 'க'வின் மூன்றில் ஒரு பங்கு. இணைப்பு தொடர்ந்து பயன்படுமானால், மீந்த 14 பைட் அடுத்த பதிலின் தொடக்கமாகப் படிக்கப்பட்டு அதையும் கெடுக்கும். ஆங்கில உரையில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இந்தப் பிழை அங்கே வெளிப்படாது. தமிழ் வந்ததும் வெளிப்படும். நோடில் 'பஃபர்.பைட்லெங்த்', பைத்தானில் 'என்கோட்' செய்த பிறகு எடுக்கும் நீளம் ஆகியவையே சரியான அளவு.

படிக்கும் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு துண்டு எழுத்தின் நடுவில் முடியலாம். ஒவ்வொரு துண்டையும் தனியாக எழுத்துகளாக மாற்றினால், அந்த இடத்தில் கேள்விக்குறி பொறித்த கருப்பு வைரம் தோன்றும். முழுச் செய்தியையும் பைட்டாகச் சேர்த்த பின் மாற்றலாம். பெரிய உரை என்றால் பாதி எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் படிநிலை டீகோடரைப் பயன்படுத்தலாம்.

இருவர் இரு இடத்தில் முடிவு கண்டால்

ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதில் வழியிலுள்ள இரண்டு சர்வர்கள் வேறுபட்டால், அந்த இடைவெளியில் தாக்குபவர் நுழைகிறார். ஒரே எச்டிடிபி கோரிக்கையில் கன்டென்ட்-லெங்த்தும் சங்க்டு அறிவிப்பும் சேர்ந்து வருகின்றன என்று கொள்வோம். முன்னால் நிற்கும் ப்ராக்சி முதலாவதை நம்புகிறது, பின்னால் உள்ள சர்வர் இரண்டாவதை நம்புகிறது. ப்ராக்சிக்கு உடலின் பகுதியாகத் தெரிந்த பைட்டுகள் சர்வருக்குப் புதிய கோரிக்கையாகத் தெரியும். 2005இல் வாட்ச்ஃபயர் நிறுவன ஆய்வாளர்கள் இந்தக் கோரிக்கைக் கடத்தலை விவரித்தார்கள். 2019இல் போர்ட்ஸ்விக்கரின் ஜேம்ஸ் கெட்டில் பெரிய இணையதளங்களிலும் அது வேலை செய்வதைக் காட்டினார். இரண்டும் சேர்ந்து வந்தால் சங்க்டு முறையே செல்லும் என்பது விதி. அத்தகைய கோரிக்கையை நிராகரிப்பதற்கும் ஆர்எஃப்சி 9112 இடம் தருகிறது. புதிதாகச் சர்வர் எழுதுகிறவர் நிராகரிப்பதே நல்லது.

2023 டிசம்பரில் எஸ்இசி கன்சல்ட் நிறுவனம் இதையே மின்னஞ்சலில் நிகழ்த்திக் காட்டியது. வரி முடிவுக்கு கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரண்டு பைட்டும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறது விதி. சில சர்வர்கள் லைன் ஃபீட் மட்டும் வந்தாலும் ஏற்றுக்கொண்டன. அனுப்பும் சர்வர் சாதாரண உரையாகக் கடத்திய புள்ளி வரியை, பெறும் சர்வர் மின்னஞ்சலின் முடிவாகப் படித்தது. அதன்பின் இருந்தது வேறொருவர் பெயரில் புறப்பட்ட புதிய மின்னஞ்சலாக உள்ளே போனது. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், சென்ட்மெயில் மூன்றும் திருத்தம் வெளியிட்டன. முடிவுக் குறியைத் தாராளமாக ஏற்பது பழைய நிரல்களுக்குச் செய்யும் உதவியாக ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று அது திறந்து கிடக்கும் கதவு.

மௌனமும் பொய்யும்

மறுமுனைக் கணினியின் மின்சாரம் போய்விட்டால் ஃபின் வராது, எதுவுமே வராது. படிக்கும் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் இயல்பாக அணைந்திருக்கும். இயக்கினாலும் முதல் சோதனைக்கு 7200 நொடி, பிறகு 75 நொடிக்கு ஒன்றாக ஒன்பது சோதனை என்பதே இயல்நிலை அமைப்பு. இறந்த இணைப்பைக் கண்டுபிடிக்க 2 மணி 11 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே நிரலே காலவரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ரீடுக்கும் தனி வரம்பு மட்டும் போதாது. 2009இல் வெளிவந்த ஸ்லோலோரிஸ் கருவி தலைப்புகளைச் சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும், முடிக்கும் வெற்று வரியை மட்டும் அனுப்பாது. ஒவ்வொரு துளியும் ரீடின் கடிகாரத்தை மீண்டும் தொடங்கவைக்கும். முழுச் செய்திக்கும் ஒரு கெடு வைத்தால்தான் இது கட்டுப்படும். கெடு தாண்டினால் அது பிழை. அதுவரை வந்ததை முழுச் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுமுனை சொல்லும் அளவும் சோதனைக்கு உரியதே. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்ப்ளீட் ஓட்டையில், தாக்குபவர் ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டு அதன் அளவு 64 கிலோபைட் வரை என்று சொல்ல முடிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த அளவை, உண்மையில் வந்த அளவோடு ஒப்பிடாமல், தன் நினைவகத்திலிருந்தே மீதியை நிரப்பித் திருப்பி அனுப்பியது. கடவுச்சொற்களும் தனிச் சாவிகளும் அதில் வெளியேறக்கூடிய நிலை இருந்தது. நீளத்தைப் படித்த உடனே உச்ச வரம்போடு ஒப்பிடுவதும், அந்த நீளத்துக்கு நினைவகத்தை மொத்தமாக ஒதுக்காமல் பைட்டுகள் வர வரப் பெருக்குவதும் இரண்டு வரி வேலை.

சோதித்துப் பார்க்கும் முறை

இத்தனை விதிகளும் நிரலில் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க, சர்வரோ கிளையன்டோ தேவையில்லை. படிக்கும் பகுதியைச் சாக்கெட்டிலிருந்து பிரித்து, எந்தப் பைட் மூலத்திலிருந்தும் படிக்கும்படி எழுதினால் மூன்று சோதனைகளைத் தானியக்கமாக ஓட்டலாம்.

1. ஒரு ரீடுக்கு ஒரு பைட் மட்டுமே தரும் போலி மூலத்தை வைத்துச் செய்தி முழுதாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. துண்டுகளை முழுச் செய்தியென எண்ணும் தவறுகள் இதில் விழும்.

2. இரண்டு செய்திகளை ஒட்டி, ஒரே ரீடில் தருவது. குறியைத் தாண்டிய பைட்டுகளைத் தொலைக்கும் தவறுகள் இதில் தெரியும்.

3. செய்தியை ஒவ்வொரு பைட்டிலும் வெட்டி, அந்த இடத்தில் இணைப்பு மூடியதாகக் காட்டுவது.

மேலே பார்த்த 'வணக்கம்' பதிலையே மூன்றாம் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் வரிக்கு 4 பைட், சொல்லுக்கும் அதன் வரி முடிவுக்கும் 23, பூஜ்ஜிய வரிக்கு 3, வெற்று வரிக்கு 2 என மொத்தம் 32. பூஜ்ஜியத்தில் தொடங்கி 31ஆம் பைட் வரை 32 இடங்களில் வெட்டினாலும் நிரல் ஒவ்வொரு முறையும் 'செய்தி முழுமையடையவில்லை' என்றே பிழை தர வேண்டும். 25ஆம் பைட்டில் 'வணக்கம்' முழுதாகக் கையில் இருக்கும். அங்கே வெட்டும்போதும் அதே பிழை வருகிறதா என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் தவறுவது அந்த இடத்தில்தான்.